வடக்குப்பட்டு சாயங்காலம்

எங்கள் கம்பெனியில் டிசைன் ரூம் என்று ஓர் அறை இருந்தது. ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் அதைவிடக் குளிரான இடம் அந்த நாளில் கிடையாது. வழிதவறி உள்ளே வந்த கொசு ஸ்வெட்டர் கேட்கும். தரக்கட்டுப்பாட்டு அதிகாரியான எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் சித்திரை, வைகாசி முழுக்க நான் தரத்தை அங்கே உட்கார்ந்துதான் கட்டுப்படுத்தினேன்.

அறைக்குச் சொந்தக்காரன் மாதிரி இருந்தவன் ஜோயல். நாசரேத் ஊர்க்காரன்; எஞ்சினியர். ஃபேன் வேகமாகச் சுற்றினால் நாற்காலியோடு நகர்ந்துபோகிற உடம்பு. ஒரு சர்க்யூட் கார்டைச் செய்வதற்கு முன்னால் அதைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே செய்து, உள்ளேயே கரண்ட் கொடுத்து, பிழைக்குமா சாகுமா என்று பார்ப்பது அவன் வேலை. சிமுலேஷன் என்பார்கள். அவன் வருவதற்கு முன்பு எங்கள் முறை எளிமையானது. சாம்பிள் செய்வோம், சுவிட்சைப் போடுவோம், புகை வந்தால் இன்னொரு சாம்பிள் செய்வோம். எங்கள் லேபில் கிளம்பிய புகை மேகமாகிப் பக்கத்து ஊரான மண்ணூரில் மழை பெய்ததாக ஒரு பேச்சு உண்டு. கிளப்பிவிட்டது நான்தான். ஆனால் மழை பெய்தது நிஜம்.

இரண்டாயிரத்து நாலில் கோயம்புத்தூர் பம்ப் கம்பெனி ஒன்று எங்களைத் தேடி வந்தது. கிராமத்து மோட்டார்களுக்கு ஸ்டார்ட்டர் கார்டு வேண்டும். வோல்டேஜ் குறைந்தால் மோட்டாரின் கம்பிச்சுருள் வெந்துவிடும். அதைக் காவல் காக்கிற கார்டு. இதில் ஒரு சங்கடம் என்னவென்றால், காவல்காரனும் அதே கரண்டைத் தின்றுதான் உயிர் வாழ வேண்டும். வோல்டேஜ் தள்ளாடும்போது கார்டில் இருக்கிற ரிலே என்கிற குட்டி சுவிட்ச் கடகடவென்று அடித்துக்கொண்டு தானே கருகிப்போகும். முன்பு வேறொருவரிடம் வாங்கி, கருகியதை லாரி லாரியாகத் திரும்பப் பெற்றவர்கள் கோயம்புத்தூர்க்காரர்கள். அதனால் கறாராகச் சொல்லிவிட்டார்கள். இரண்டு சாம்பிளை ஓட்டிக் காட்டினால் போதாது. லைனில் வரப்போகும் அத்தனை கார்டும், பாகங்கள் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும், ஒரு கிராமத்தின் ஒரு முழு நாள் கரண்டைத் தாங்கும் என்று சிமுலேஷனில் பார்த்து, டிசைன் செய்தவர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

ஜோயல் வோல்டேஜைப் பதிவு செய்கிற கருவியைத் தூக்கிக்கொண்டு பக்கத்திலிருக்கிற வடக்குப்பட்டு கிராமத்துக்குப் போனான். ஒரு பம்ப்செட் கொட்டகையில் விடியற்காலையிலிருந்து ஊர் அடங்கும்வரை உட்கார்ந்து, அந்த ஊர்க் கரண்டின் ஒவ்வொரு விக்கலையும் பிடித்துக்கொண்டு வந்தான். பகல் முழுக்க ஏதோ சமாளித்துக்கொண்டிருக்கும் வோல்டேஜ், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஊரே ஒன்றாக லைட்டும் டிவியும் போட்டதும் மயங்கி விழும். அந்த நேரத்தில் டியூப்லைட் எரிகிறதா என்று பார்க்க அங்கே தீக்குச்சி கிழிப்பார்கள்.

அந்த ஒரு நாளைக் கம்ப்யூட்டருக்குள் விட்டான். உள்ளே நூற்றுக்கணக்கான கார்டுகள், ஒவ்வொன்றும் துளி வேறு மாதிரி. எல்லாவற்றுக்கும் அந்த நாளை நடத்திக் காட்டியாக வேண்டும். பாவம், அந்தக் கம்ப்யூட்டருக்கு வடக்குப்பட்டின் ஒரு நாள் எங்களுடைய ஒன்றரை வாரம். நடுநடுவே சேமித்துக்கொண்டே போகிற வசதி இருந்தது. ஆனால் அப்படி ஓட்டினால் இன்னும் மெதுவாகும். கோயம்புத்தூர்க்காரர்கள் வருகிற திங்கட்கிழமைக்குள் முடியாது. ஜோயல் அதை வேண்டாமென்று விட்டுவிட்டான்.

அந்தக் கம்ப்யூட்டரை ஜோயலைவிட அதிகமாகப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் ஒருவர் உண்டு. அப்பாவு, எங்கள் எலக்ட்ரீஷியன், மண்ணூர்க்காரர். மனைவி போய்ச் சேர்ந்து பல வருஷம். கனகம் என்று ஒரே மகள். அவளும் எங்கள் கம்பெனியில்தான், கார்டில் பாகங்களைச் செருகுகிற லைனில் கான்ட்ராக்டில் இருந்தாள். கான்ட்ராக்ட் ஆட்களுக்குக் கழுத்தில் பச்சை டேக், பர்மனென்ட்டுக்கு நீலம். பம்ப் கார்டு ஆர்டர் வந்தால் அந்த லைன் முழுக்க நீலம் என்று ஜி.எம். மைக்கிலேயே சொல்லியிருந்தார். வராவிட்டால் லைனையே மூட வேண்டியதுதான் என்பதை அவர் மைக்கில் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும். அக்கம்பக்கத்தில் வரப்போகிற பெரிய கம்பெனிகள் பலவும் அப்போது வெறும் காம்பவுண்டுச் சுவர்கள்.

அப்பாவு தினமும் டிசைன் ரூமுக்கு வந்துவிடுவார். கையில் ஒரு டெஸ்டர் இருக்கும், சும்மா ஒரு சாக்குக்கு.

“வடக்குப்பட்டுல இப்ப மணி இன்னா தம்பி?”

“காலைல பத்தரை இருக்கும்ணே.”

“கார்டுங்கல்லாம் எப்டி கீது?”

“எல்லாம் உசுரோட இருக்குண்ணே.”

“ஒண்ணு கூட பூடலியே?”

“ஒண்ணு கூடப் போகலண்ணே.”

“நேத்து ரெண்டு கார்டு இருமிச்சு அப்பாவு,” என்பேன் நான். “கசாயம் வெச்சுக் குடுத்தோம், இப்ப தேவலை.”

“பெருமாள்சாமி சார், உங்க வாய வெச்சிகினு சும்மா இருக்க மாட்டீங்களா?” என்று சிரிப்பார். போகும்போது கம்ப்யூட்டர் பெட்டியின் தலையை லேசாகத் தடவிவிட்டுப் போவார், ஜுரம் பார்க்கிற மாதிரி.

அந்த வருஷம் ஆயுத பூஜை வெள்ளிக்கிழமை. கம்பெனியில் முந்தின நாளே பூஜை. மற்ற நாளில் எலக்ட்ரீஷியனாக இருக்கிற அப்பாவு அன்றைக்கு ஜி.எம்.முக்கும் மேலே. எல்லா மெஷினையும் நிறுத்தித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூ சாத்தி, சூடம் காட்டுவார். அவர் பூசுகிற சந்தனத்துக்கு ஃபோர்க்லிஃப்ட் பொங்கல்வரை மணக்கும். ஜி.எம். ஒரு நிமிஷம் அசையாமல் நின்றால் அவர் நெற்றியிலும் பொட்டு விழும். நிறுத்திய மெஷினை அப்புறம் விஜயதசமி காலையில்தான் தொடலாம். அம்மன் காலடியில் வைத்த ஆயுதத்தை நடுவில் எடுக்கக் கூடாது.

ஜோயல் ஒரு வெள்ளைத்தாளில் ‘நிறுத்தாதீர்கள்’ என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கம்ப்யூட்டரில் ஒட்டினான். பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கம்பெனி பஸ் ஏறினான். சனிக்கிழமை நாங்கள் வரும்போது வடக்குப்பட்டில் சாயங்காலம் நடந்துகொண்டிருக்கும், ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிந்துவிடும் என்பது கணக்கு.

சனிக்கிழமை காலை ஜோயலும் நானும் டிசைன் ரூம் கதவைத் திறந்தோம். அறை வெதுவெதுவென்று இருந்தது. அந்த அறையில் எனக்கு வியர்த்தது அன்றைக்குத்தான்.

திரை கறுப்பாக இருந்தது. அதில் மூன்று விரலால் இழுத்த சந்தனம், நடுவில் குங்குமம். மானிட்டரைச் சுற்றி மல்லிகைச் சரம். கீபோர்டின் மேல் ஓர் எலுமிச்சம்பழம். ஜோயல் ஒட்டிய தாளிலும் ஒரு பொட்டு.

பின்னாலேயே அப்பாவு தட்டில் சூடத்தோடு வந்தார். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, கல்யாண வீட்டு ஆள் மாதிரி இருந்தார்.

“இருங்க தம்பி, சூடம் காட்டிட்டு நானே போட்டு குடுக்கறேன். வடக்குப்பட்டுல சரியா மூணு மணிக்கு நிறுத்தி வெச்சேன். அங்கேந்து ஓட்டுங்க.”

ஜோயல் நாற்காலியில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் எலுமிச்சம்பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அண்ணே, இது அங்கேருந்து ஓடாதுண்ணே.”

“ஏன் தம்பி? கன்வேயர் ஓடுதே. லேத்து ஓடுதே. நின்ன எடத்துலேந்துதானே எல்லாம் ஓடுது?”

“இதுக்கு மறந்துரும்ணே. மொதல்லேருந்துதாம் வரணும்.”

“மொதல்லேந்துன்னா?”

“விடியக்காலம்லேருந்து.”

தட்டில் சூடம் எரிந்துகொண்டே இருந்தது. அப்பாவு அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

“நிறுத்தாதீங்கன்னு எழுதி ஒட்டிருந்தமே அப்பாவு,” என்றேன்.

“நிறுத்தணும்னு நிறுத்தல சார். ஓய்வு குடுத்தேன். எல்லா மெசினும் அம்மா முன்னாடி படுத்துகினு கீது, இது மட்டும் ஓடிகினே இருந்தா எப்டி? கனகத்துக்கோசரம் ராவும் பகலும் ஒயைக்கிற மெசினு சார் இது. இதுக்குப் பூஜ இல்லன்னா வேற எதுக்கு சார் பூஜ?”

ஜோயல்தான் எழுந்து தட்டை வாங்கிக் கீழே வைத்தான். “எம் மேலயும் தப்பு இருக்குண்ணே. நடுவுல சேமிச்சிட்டு ஓட்டியிருக்கணும். வாயத் தொறந்து ஒங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கணும்.”

திங்கட்கிழமை கோயம்புத்தூரிலிருந்து இரண்டு பேர் வந்து வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே ஜி.எம். ஜோயலை நிற்கவைத்துப் பேசினார்.

“பகல் முழுக்கத் தாங்கின கார்டு சாயங்காலம் மட்டும் செத்துடுமாப்பா? முடிஞ்சுதுன்னு கையெழுத்துப் போடு.”

“சாயங்காலம்தாம் சார் கேள்வியே. பாக்காததைப் பாத்தேன்னு எப்படிப் போட?”

“நீ டிசைன் பண்ணதுதானே? உனக்கே நம்பிக்கை இல்லையா?”

“நம்பிக்கை இருக்கு சார். பாக்கல.”

வெளியே வராந்தாவில் அப்பாவு நின்றிருந்தார். ஜோயலின் கையைப் பிடித்துக்கொண்டார். “போட்டுடு தம்பி. நீ செஞ்ச கார்டு சாவாது. எனக்குத் தெரியும்.”

ஜோயல் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. “செத்துட்டா யாரோ ஒருத்தர் மோட்டார் வெந்துரும்ணே. பயிரு போயிரும். அவருக்கும் ஒரு கனகம் இருக்கும்லா?”

அவன் வரவேற்பறைக்குப் போய் உள்ளதை உள்ளபடி சொன்னான். பகல் பார்த்தாயிற்று, சாயங்காலம் பார்க்கவில்லை, இன்னும் ரெண்டு வாரம் கொடுங்கள். வந்தவர்களில் பெரியவர் டீயை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு எழுந்தார்.

“ஒளிக்காமச் சொன்னீங்க, ரொம்ப சந்தோசமுங்க தம்பி. ஆனா சீசன் எங்களுக்காகக் காத்திருக்காதுங்களே. இன்னொருத்தரு தயாரா வச்சிருக்காருங்க.”

வாசலில் கட்டியிருந்த வாழைக்கன்று அதற்குள் வாடிவிட்டிருந்தது. அவர்களுடைய கார் அதை உரசிக்கொண்டு வெளியே போனது.

அன்றைக்கே ஜோயல் முதலிலிருந்து ஓட்ட ஆரம்பித்தான். யாரும் கேட்கவில்லை. இந்த முறை நடுநடுவே சேமித்துக்கொண்டு, மெதுவாக. அப்பாவு டிசைன் ரூம் பக்கமே வரவில்லை. அந்த வராந்தாவில் ஒரு பல்பு போயிருந்ததை மாற்றக்கூட வேறு ஆளை அனுப்பினார். லைனை மூடுகிற நோட்டீஸ் ஒட்டினார்கள். கனகம் பச்சை டேக்கைக் கழற்றி செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டுப் போனாள். திருப்பூரில் ஏதோ பனியன் கம்பெனி, ஹாஸ்டலோடு வேலை என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது. தெற்கே எங்கெங்கோ இருப்பவர்களெல்லாம் பிழைக்க மண்ணூருக்கு வந்து ரூம் எடுத்துத் தங்குகிறார்கள். மண்ணூர்ப் பெண் திருப்பூருக்குப் பெட்டி கட்டினாள்.

தீபாவளி நெருக்கத்தில் ஒரு காலை, ஜோயல் லேபுக்கு வந்து என் தோளைத் தொட்டான். டிசைன் ரூமுக்கு என்னை அழைத்துக்கொண்டு போனான்.

திரையில் வடக்குப்பட்டின் நாள் முழுவதும் கிடந்தது. ஆறு மணிக்கு மேல் வோல்டேஜ் கோடு பள்ளத்தில் விழுந்தது, எழுந்தது, மறுபடி விழுந்தது. அதன் கீழே நூற்றுக்கணக்கான கார்டுகளின் கோடுகள், ஒன்றின் மேல் ஒன்றாக, ஏரித் தண்ணீர் மாதிரி அசையாமல் போய்க்கொண்டிருந்தன.

“ஒண்ணு கூடச் சாகல சார்,” என்றான்.

நான் எதையும் பத்தாகப் பெருக்கிச் சொல்கிறவன். ஜி.எம்.மின் தும்மலை இடி என்று சொல்லியிருக்கிறேன். அந்தக் கோடுகளில் பெருக்க ஒன்றும் இல்லை.

கதவில் நிழல் தட்டியது. அப்பாவு. எத்தனையோ நாளைக்குப் பிறகு. யார் சொன்னார்களோ, ஓட்டம் முடிந்தது தெரிந்து வந்திருந்தார். உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றார்.

“முடிஞ்சிதா தம்பி?”

ஜோயல் எழுந்து திரையை மறைத்த மாதிரி நின்றுகொண்டான். “முடிஞ்சிதுண்ணே.”

“இன்னா ஆச்சி?”

ஜோயல் ஒரு கையெழுத்துக்காகப் பொய் சொல்ல மாட்டேன் என்று ஆர்டரையே விட்டவன். அப்பாவுவின் முகத்தைப் பார்த்தான். தரையைப் பார்த்தான்.

“பாஸாகலண்ணே. சாயங்காலம் எல்லாம் கருகிட்டு.”

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் சொன்ன பொய், நொண்டிக்கொண்டு வந்தது. அப்பாவு நம்பாமல் என் பக்கம் திரும்பினார்.

“நெசமாவா சார்?”

“நெசமாவாவா?” என்று ஆரம்பித்தேன். “ஆறு மணி அடிச்சுது பாரு அப்பாவு, மொத கார்டு டப்புன்னு போச்சு. அதப் பாத்துப் பயந்தே பக்கத்துக் கார்டு செத்துச்சு. அப்புறம் தீபாவளிச் சரவெடிதான். கம்ப்யூட்டருக்குள்ள கருகின வாசனை வெளிய வருது! நான் ஃபயர் எக்ஸ்டிங்குஷர எடுத்துகிட்டு ஓடி வந்து திரையில அடிக்கப் போனேன், இவன்தான் கையைப் பிடிச்சான்.”

அப்பாவு சிரித்தார். ஆயுத பூஜைக்குப் பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். சிரித்துக்கொண்டே வாசற்படியில் உட்கார்ந்து, தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

“அப்ப நான் நிறுத்தாங்காட்டியும் ஆர்டர் போய்தான் இருக்கும்?”

“போய்தாம்ணே இருக்கும்,” என்றான் ஜோயல்.

“அம்மாதான் நம்ம மானம் போவாம முன்னாடியே நிறுத்த வெச்சிருக்கா.”

அடுத்த நாள் கேன்டீனில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அப்பாவு ஒவ்வொரு மேஜையாகப் போய், நான் சொன்ன சரவெடியை நான் சொன்னதைவிட நன்றாகச் சொன்னார். ஜோயலின் கார்டு கருகுகிற கார்டு என்று பேராகிவிட்டது. ஜி.எம். அவனைக் கூப்பிட்டு, “நல்ல வேளை, கையெழுத்துப் போடாம விட்டே. நம்ம பேர் நாறியிருக்கும்” என்றார். சொந்தமாக டிசைன் செய்வதெல்லாம் நமக்கு ஒத்துவராது, வெளியே ரெடியாக இருப்பதை வாங்கிக்கொள்வோம் என்றும் சொன்னார். ஜோயல் சரி சார் என்று வந்துவிட்டான். கம்ப்யூட்டரைத் திறந்து காட்ட ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது.

“ஏம்ப்பா?” என்று நான் கேட்டேன்.

“அவர்ட்ட சொன்னா கேன்டீனுக்கு வரும் சார். கேன்டீனுக்கு வந்தா அண்ணன்ட்ட போகும்.”

டிசைன் ரூம் ஏ.சி.யைக் கழற்றி ஜி.எம். அறையில் மாட்டினார்கள். பிப்ரவரியில் ஜோயல் பெங்களூருக்குப் போனான். போகிற அன்று ஒரு காகிதப் பொட்டலம் கொடுத்தான். கோயம்புத்தூர்க்காரர்களுக்குக் காட்டச் செய்திருந்த சாம்பிள்களில் ஒன்று.

“நீங்க வடக்குப்பட்டுலதான வீடு கட்டுதீங்க? ஒங்க போர்ல போட்டுப் பாருங்க சார். எங்கேயாவது ஓடட்டும்.”

ரிட்டயர் ஆனதும் வடக்குப்பட்டு வீட்டுக்குக் குடிவந்தேன். போர்வெல் மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் அந்தக் கார்டை வைத்து, பக்கத்து ஊர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாட்டினேன். தினமும் சாயங்காலம் ஊரே விளக்குப் போட்டு வெளிச்சம் மஞ்சளாகிப் போகும்போது மோட்டாரைப் போடுவேன். சொல்லிவைத்த மாதிரி எடுக்கும். ரிலே ஒரு தடவை ‘டக்’ என்று சொல்லும், அவ்வளவுதான்.

இந்த ஆயுத பூஜைக்கு அப்பாவு வந்தார். கம்பெனிப் பொரி, சுண்டல், ஒரு ஆப்பிள். இன்னும் வேலையில்தான் இருக்கிறார். தலை சுத்தமாக வெளுத்துவிட்டது.

“கனகம் எப்படி இருக்கா?”

“கீறா சார். பொங்கலுக்கு வரேன்னா. போன் கம்பெனி வந்துச்சே, இட்டாந்து சேத்துடலாம்னு கேட்டேன். சின்னப் பொண்ணுங்கதான் வோணும்ன்றான். இதுக்கு வயசு தாண்டிப்போச்சாம்.” டீயை ஊதினார். “வூட்ல நானும் டிவியும்தான். அதுகூட பேசிகினு கீறேன்.”

“உன் பேச்சக் கேக்க முடியாம டிவி ஒரு நாள் திருப்பூருக்கு ஓடிடும் பாரு.”

சிரித்தார். அந்த நேரத்தில்தான் தெருவிளக்கு வந்தது. வீட்டுக்குள் டியூப்லைட் மினுக்கி அணையப் பார்த்தது. மாடித் தொட்டியை நிரப்ப வேலைக்காரம்மாவே சுவிட்சைப் போட்டுவிட்டாள். டக். மோட்டார் ஓட ஆரம்பித்தது.

அப்பாவு டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். சுவரில் இருந்த பெட்டிக்குப் பக்கத்தில் போய்க் காதை வைத்துக் கேட்டார்.

“இன்னா சார் இது? இந்த வோல்டேஜ்ல எந்த ஸ்டார்ட்டரா இருந்தாலும் கடகடன்னு அட்ச்சிகினு கெடக்கும். இது கம்முனு கீது. எந்தக் கம்பெனி?”

“தைவான். கப்பல்ல வந்துது. ஒரே ஒரு பெட்டிக்கு ஒரு தனிக் கப்பல்.”

“தொறந்து காட்டுங்க, பாப்போம்.”

“அதுக்குள்ள பாம்பு குடும்பம் நடத்துதுப்பா. போன வாரம்தான் குட்டி போட்டுது. தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு கரண்ட் ஆபீஸ்லேருந்தே வந்து சொல்லிட்டுப் போனாங்க.”

“உங்க பாம்புக்கு நானும் ஒரு வணக்கம் வெச்சுட்டு வந்துட்றேன்.” சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்தார். மூடியின் ஸ்க்ரூவில் வைத்தார்.

“தொடாதே அப்பாவு!”

அத்தனை வருஷத்தில் நான் அவரிடம் குரல் உயர்த்தியதில்லை. வேலைக்காரம்மாகூடத் திரும்பிப் பார்த்தாள். அப்பாவு டெஸ்டரை மெதுவாக எடுத்தார். பைக்குள் போட்டுக்கொண்டார். பெட்டியிலிருந்து ஓர் அடி தள்ளி நின்றார்.

“சரிதான் சார். இன்னிக்கி ஆயுத பூஜ வேற.” சிரிக்கப் பார்த்தார். “நான் கை வெச்சா நின்னு பூடும். எனக்கே தெரியாதா?”

“அதுக்குச் சொல்லலப்பா.”

“பரவால்ல சார். ஓடிகினு கீறது ஓடட்டும்.”

செருப்பை மாட்டிக்கொண்டார். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றார். பஸ்ஸுக்கு நேரமாகவில்லை, எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். மங்கின தெருவிளக்குக்குக் கீழே வெள்ளைச் சட்டை முக்குவரை தெரிந்தது.

எத்தனை பொய் என் வாயில் புரண்டது! ஒன்றையாவது எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடியிருக்கலாம். எந்தப் பொய்யைச் சொன்னாலும் அதன் நுனி அந்தப் பெட்டிக்குள் இருக்கிற ஜோயலின் கார்டில் போய்த்தான் நின்றது.

தொட்டி நிரம்பி, மாடிக் குழாய் வழியாக வாசலில் தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. வேலைக்காரம்மா உள்ளேயிருந்து, “ஐயா, மோட்டாரை நிறுத்தட்டுமா?” என்று கேட்டாள்.

மோட்டார் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.